ஏற்காட்டுச் சேற்றுக்கு ஒரு டிஃப் லாக்: தேர்ந்தெடுத்ததும் பொருத்தியதும்

நாகலூருக்கு அப்பால் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு ஏறும் மண் பாதையில், சில்வர் ஓக் மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில், மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு போன வடிகால் ஒன்று இருக்கிறது. அது பாதைக்கு நேர்க்குறுக்காக ஓடியிருந்தால் தொல்லையில்லை. கோணலாக ஓடுவதால், ஏறும் ஜீப்பின் இடது முன்சக்கரம் முதலில் அதற்குள் இறங்கித் தொங்கும், வண்டி அந்த மூலைக்குச் சாயும், எதிர்மூலையில் உள்ள வலது பின்சக்கரத்தின் மேலிருந்த பாரம் கழன்றுவிடும். சென்ற கார்த்திகையில், பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஆறு மூட்டைப் பழத்துடன் அங்கே நின்றுவிட்டேன். முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு சுழல, மற்ற இரண்டும் நல்ல கெட்டித் தரையில் அமைதியாக நின்றன.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்தது. அந்த டிராக்டரின் ஒரு சக்கரமும் அதே சேற்றில் சற்று நேரம் வழுக்கியது. ஓட்டுநர் குதிகாலால் டிஃப் லாக் பெடலை மிதித்தார், வழுக்கல் நின்றது, வண்டி மேலேறியது. கயிற்றை அவிழ்க்கும்போது, "இது மாதிரி ஒண்ணு உங்க ஜீப்புல இல்லீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏனென்றால், ஊரில் எல்லோரிடமும் நாலு வீலும் இழுக்கும் வண்டி என்றே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலு வீலும் இழுக்கும் என்பது பாதி உண்மைதான். என்னுடையது பழைய மஹிந்திரா சி.ஜே.; விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கம்பியைத் தள்ளினால், முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டும் பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டும் ஒன்றோடொன்று இணையும், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆக்ஸிலின் நடுவிலும் இருந்து, வளைவில் இரண்டு சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் டிஃப்ரன்ஷியலை அந்தக் கம்பி தொடுவதே இல்லை. டிஃப்ரன்ஷியலுக்குள் உள்ள ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பற்சக்கரங்கள், இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் சுழற்றும் சன் கியர்களுக்கு எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும்; வேகம் மட்டும்தான் இரண்டு பக்கமும் மாறலாம். ஆகவே, தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற எவ்வளவு விசை போதுமோ அவ்வளவுதான் பாறைமேல் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் தொங்கும் சக்கரம் வேகமாகச் சுற்றுமே தவிர, நிற்கும் சக்கரத்துக்குப் போகும் விசை கூடாது. மூலைக்கு மூலை இரண்டு சக்கரங்கள் பிடிப்பை இழந்தால், நான்கு சக்கர வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டி ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃப் லாக், அதாவது லாக்கர், வாங்குவது என்று முடிவானதும் விலைப்பட்டியலைத் திறக்கவில்லை. மீதிப் பருவம் முழுவதும் எங்கெங்கே மாட்டினேன் என்று பழம் எடைபோடும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். தை முடியும்வரை ஏழு முறை மாட்டியிருந்தேன். ஐந்து முறை மேலே சொன்ன மூலைக்கு மூலைத் தொங்கல். மற்ற இரண்டு முறையும் டிராக்டர் போட்ட பள்ளத்தில் ஆக்ஸிலின் வயிறு தட்டி, நான்கு சக்கரமும் பாரமில்லாமல் நின்றது. அதற்கு லாக்கர் ஒன்றும் செய்யாது, மண்வெட்டிதான் மருந்து. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் உதவியது, ஏனென்றால் இது இல்லாவிட்டால் ஏழுக்கும் லாக்கரையே நம்பியிருப்பேன்.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் எழுதினேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது நான் சேலம் இறங்குகிறேன். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தார்ச்சாலை, அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். லாக்கர் தேவைப்படும் சேறு எல்லாம் சேர்த்துச் சில நூறு மீட்டர்தான். ஆக, அந்தச் சில நூறு மீட்டருக்காகப் போடும் பொருள், அறுபது கிலோமீட்டர் போக்குவரத்தைக் கெடுக்கக் கூடாது. தேர்வு முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றியே நடந்தது என்று சொல்லலாம்.

சீலநாயக்கன்பட்டிப் பக்கம் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறையின் அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் மிக மலிவான வழியைச் சொன்னார். "எதுக்கு தம்பி காசக் கொட்டற? ஸ்டார் பினியனுக்கு நாலு இடத்துல வெல்டிங் வெச்சுட்டா லாக்குதான். தோட்டத்துக்குள்ளயே ஓடற வண்டிக்கெல்லாம் அப்படித்தான் பண்ணித் தர்றோம்." அவர் சொன்னதில் பொய் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டிக்கு அது போதும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்று அங்கேயே ஒரு சிமெண்ட் பையின் மேல் கணக்குப் போட்டுக் காட்டினேன். என் பின்சக்கரங்களுக்கு இடையே நடுவுக்கு நடு 1.25 மீட்டர். வளைவை அரைவட்டம் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.14 பெருக்கல் 1.25, அதாவது 3.9 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு சின்னதோ பெரியதோ, இந்த வித்தியாசம் மாறுவதில்லை. என் டயர் ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர் போகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு வளைவிலும் ஒன்றரைச் சுற்றுக்கும் மேலான வித்தியாசத்தை, வெல்டிங் வைத்த ஆக்ஸில் தாரில் ரப்பரைத் தேய்த்தே சமாளிக்க வேண்டும். எல்லா வளைவும் முழு அரைவட்டம் அல்ல என்றாலும், இருபதுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முறை ஏறுவதற்கு 78 மீட்டர் வரை வருகிறது. டயர் தேய்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்த வளைவில் பின்பக்கம் வீசுவதையும், தேய்க்க முடியாமல் முறுக்கேறி நிற்கும் ஆக்ஸில் ஷாஃப்ட் ஒரு நாள் ஒடிவதையும் பொறுத்துக்கொள்ள முடியாது. அண்ணா கணக்கைப் பார்த்துவிட்டு, "சரி, நீ படிச்சவன்" என்று சொல்லித் தேநீர் சொன்னார். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்து என் மனத்தை இழுத்தது, டிஃப்ரன்ஷியலின் பற்சக்கரங்களைத் தாங்கும் பழைய கூட்டுக்குள்ளேயே அடங்கும் தானியங்கி லாக்கர். பழைய ஸ்டார் பினியன்களையும் சன் கியர்களையும் எடுத்துவிட்டு, பல் வைத்த நான்கு இணைப்புத் துண்டுகளை அதே இடத்தில் வைத்தால் வேலை முடிந்தது. ஷாஃப்டின் சுழற்சியை ஆக்ஸிலுக்குத் திருப்பும் கிரௌன் பினியனின் அமைப்பைத் தொட வேண்டாம், காற்றுக் குழாய் வேண்டாம், வயர் வேண்டாம், வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம். சில ஆட்டோ ஸ்பேர் கடைக்காரர்கள் இதைத் தேவைப்படும்போது பூட்டிக்கொள்ளும் என்று சொல்லி விற்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அது எப்போதும் பூட்டியேதான் இருக்கிறது; திரும்பும்போது வெளிச்சக்கரம் முந்தி ஓடினால் மட்டும் அந்தப் பக்கத்துப் பற்கள் டிக் டிக் என்று வழுக்கி விடுகின்றன. வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இயந்திரத்தின் விசை முழுவதும் உள்சக்கரத்துக்குப் போய், வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் பற்கள் சட்டென்று மாறி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வேறு பக்கம் இழுக்கும். நீளமான வண்டியில் இது ஓர் ஓசையோடு போய்விடும். என்னுடையது 80 அங்குல வீல்பேஸ் கொண்ட குட்டை வண்டி; முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மேல் இடமில்லை. ஏற்காட்டு மலையில் ஏறுமுகமாகக் கியர் மாற்றிக்கொண்டே வளைவெடுக்கும்போது, இந்தக் குலுக்கல் வளைவின் நடுவில்தான் வரும். இதே லாக்கரைப் போட்ட ஒருவரின் ஜீப்பைக் குப்பனூர் பாதையில் கொட்டச்சேடு வரை ஓட்டிப் பார்த்தேன். அவர் பழகிவிட்டார். நான் பழக விரும்பவில்லை.

முழுதாகப் பூட்டாமல் வழுக்கலை ஓரளவு மட்டும் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையை நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. தட்டுகள் உராய்ந்து பிடிக்கும் வகைக்குத் தனி எண்ணெய்ச் சேர்மானம் வேண்டும், தட்டு தேயும்போது பிடிப்பும் குறையும். சாய்ந்த பற்களைக் கொண்ட வகை தேய்வதில்லை, தாரில் மிக மென்மையாக நடந்துகொள்ளும். ஆனால் அது பிடிப்பில்லாத சக்கரத்துக்குக் கிடைக்கும் விசையை மூன்று நான்கு மடங்காகப் பெருக்கித்தான் மற்றதற்குத் தருகிறது. காற்றில் தொங்கும் சக்கரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை எத்தனை மடங்காக்கினாலும் அதுவேதான். அந்த நேரத்தில் கைபிரேக்கை லேசாக இழுத்தால் தொங்கும் சக்கரத்துக்கு ஒரு பாரம் கிடைத்து வேலை நடக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் என் ஜீப்பில் கைபிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. அதை இழுத்தால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே பிடிக்கும். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இந்த யோசனையைக் கேட்டு நடக்கும் முன் வண்டிக்குக் கீழே ஒரு முறை குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

புதிய மஹிந்திரா தார் ஜீப் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், அவர் வண்டியில் இருப்பதுபோல் ஒன்றைத் தேடச் சொன்னார். மஹிந்திரா 2015-இல் தாரின் பின் ஆக்ஸிலுக்குக் கொடுக்கத் தொடங்கிய மெக்கானிக்கல் லாக்கர், ஈட்டன் நிறுவனம் அமெரிக்க வண்டிகளுக்காகப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வகையைச் சேர்ந்தது. அதற்குள் பறக்கும் எடைத்துண்டுகள் கொண்ட கவர்னர் என்ற வேகம் உணரும் அமைப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டி, தட்டுகளை இறுக்கி, ஆக்ஸிலை முழுமையாகப் பூட்டுகின்றன. வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் போல் வேகமெடுத்துவிட்டால் பூட்டவே பூட்டாது. ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை, தார்ச்சாலையில் அது இருப்பதே தெரியாது. தினமும் ஓட்டும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்வது கடினம். எனக்கு உறுத்தியது அந்த 100 சுற்றுதான். என் டயர் அளவுக்கு அது மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் சேற்றை அரைப்பதற்குச் சமம். சேர்வராயன் மலையின் செம்மண் களி நனைந்தால், அந்த ஓரிரு நொடிகளுக்குள்ளேயே சக்கரம் ஒரு சாண் குழி பறித்துவிடும். வழுக்குவதற்கு முன்பே, குழிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே என் தேவை.

ஆகவே, நானே பூட்டி நானே திறக்கும் வகைதான் மிஞ்சியது. அதில் மூன்று வழிகள். ஃபோர்ஸ் கூர்க்கா முன்னும் பின்னும் கம்பிக் கேபிள் இழுத்துப் பூட்டும் லாக்கருடன் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. எளிமை என்றால் அதுதான் எளிமை, ஆனால் அந்த ஆக்ஸில் வேறு, என் ஆக்ஸிலுக்குக் கேபிள் வகை வேண்டுமென்றால் பின் மூடியையும் சேர்த்து மாற்ற வேண்டும், கேபிளை எங்கே வளைத்துக் கொண்டுபோனாலும் கல் தட்டும். மின்காந்த வகைக்கு ஒரு வயர் போதும். அதைத்தான் முதலில் வாங்குவதாக இருந்தேன். காற்று அழுத்தத்தில் பூட்டும் வகையை ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் கையிலெடுத்து உலகம் முழுவதும் பரப்பியது. என் ஜீப்பின் பின்னால் இருக்கும் டேனா 44 என்ற ஆக்ஸில் குடும்பத்துக்கு அது எளிதில் கிடைக்கும் என்பதும், கம்ப்ரசர் எப்படியும் வண்டியில் இருக்கப் போவதால் சேற்றுக்காகக் குறைத்த டயர் காற்றை மேலே வந்ததும் நானே நிரப்பிக்கொள்ளலாம் என்பதும் தராசை அந்தப் பக்கம் சாய்த்தன. நாகலூரில் பஞ்சர் கடை மாலை ஆறுக்கெல்லாம் மூடிவிடுகிறது.

முன் ஆக்ஸிலுக்கும் போடலாமா என்ற சபலம் இருந்தது. பாரம் ஏற்றி மேடேறும் வண்டியில் எடை பின்னுக்குப் போகிறது, பிடிப்பும் அங்கேதான் இருக்கிறது. முன்னே பூட்டினால் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும், சக்கரம் திரும்பிய நிலையில் முன் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் மேல் முழு விசையும் விழும். பின்னால் மட்டும் போதும்.

வாங்குவதற்கு முன் ஆக்ஸிலை அடையாளம் காண்பதில்தான் உண்மையான வேலை இருந்தது. விற்பவர் என் வண்டியின் மாடலையும் வருடத்தையும் கேட்டு உடனே ஓர் எண்ணைச் சொன்னார். சேலத்துப் பழைய ஜீப்பில் மாடலும் வருடமும் ஆர்.சி. புத்தகத்துக்கு மட்டுமே பொருந்தும். கீழே என்ன இருக்கிறது என்பது முந்தைய உரிமையாளர்களுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் இடையே உள்ள ரகசியம். அதனால் நானே எண்ணினேன். கிரௌன் பினியன் விகிதத்தை, அதாவது கிரௌன் வீல் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதை, மூடியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம்: ஒரு பின்சக்கரத்தைத் தரையில் விட்டு மற்றதை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றினால் கிரௌன் வீல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றும். ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். ஐந்து முழுச் சுற்றும், ஆறாவதில் கால் சுற்றுக்குச் சற்று மேலும் வந்தது. பிறகு மூடியைத் திறந்து பற்களை எண்ணியபோது 43-க்கு 8, அதாவது 5.375. இது முக்கியமான எண், ஏனென்றால் டேனா 44-இல் 3.73 வரை ஒரு கூடு, 3.92-க்கு மேல் வேறு கூடு. கிரௌன் வீல் உட்காரும் இடத்தின் தடிமன் மாறும். முன் ஆக்ஸிலிலும் அதே 43-க்கு 8 இருப்பதையும் சரிபார்த்துக்கொண்டேன். முன்பின் விகிதம் மாறினால் நாலு வீல் போட்டவுடன் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

பிறகு ஆக்ஸில் ஷாஃப்டை உருவி, அதன் முனையில் வெட்டியிருக்கும் பற்களான ஸ்ப்ளைனை எண்ணினோம். எண்ணத் தொடங்கும் பல்லுக்கு நகப்பூச்சு ஒரு பொட்டு; என் மனைவியிடம் கேட்டு வாங்கிய சிவப்பு. நான் எண்ணியபோது 30, அண்ணா எண்ணியபோது 30, பட்டறைப் பையன் எண்ணியபோது 29. அவனை மறுபடி எண்ணவைத்தோம். விற்பவர் சொன்ன பொருளோ வேறு ஸ்ப்ளைன் எண்ணிக்கைக்கானது. அவர் சொன்னதை நம்பி ஆர்டர் கொடுத்திருந்தால் சுங்கவரியும் கட்டி, பொருந்தாத ஓர் இரும்புக் கட்டியை வீட்டில் வைத்து அழகு பார்த்திருப்பேன். ஷாஃப்டை வெளியே எடுத்ததில் இன்னொரு லாபம், அது சக்கரத்தை மாட்டும் தட்டான ஃபிளாஞ்சுடன் சேர்ந்த ஒரே துண்டு என்று தெரிந்தது. ஹப்பைச் சாவி என்ற சிறு இரும்புத் துண்டு வைத்துக் கூம்பு முனையில் இறுக்கும் பழைய இரண்டு துண்டு வகையாக இருந்திருந்தால், லாக்கருக்கு முன் ஷாஃப்டைத்தான் மாற்றியிருக்க வேண்டும். திறந்த டிஃப்ரன்ஷியலில் ஒரு ஷாஃப்டுக்கு ஆக்ஸிலின் விசையில் பாதிக்கு மேல் வரவே வராது. பூட்டிய பின், ஒரு சக்கரம் மட்டும் பிடித்திருக்கும் நேரத்தில், முழுவதும் அந்த ஒன்றின் மேல் விழும். வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் லோ ரேஞ்சில் அந்தச் சாவி தாங்காது.

பெட்டி வந்து சேர்ந்ததும் இரண்டு நாள் பட்டறையில் இருந்தேன். பழைய கூட்டை எடுக்கும் முன் பேரிங் மூடிகளில் இடது, வலது, மேல், கீழ் என்று பஞ்ச் அடையாளம் வைத்தோம். அவை ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை, மாற்றிப் போட்டால் பேரிங் பிடித்துக்கொள்ளும். ஹவுசிங்கை விரிக்கும் கருவி பட்டறையில் இல்லாததால், இரண்டு கடப்பாரையும் புளிய மரக் கட்டையுமாக நெம்பி எடுத்தார் அண்ணா. பழைய கூட்டின் இரு பக்கத்திலும் இருந்த ஷிம்கள் என்ற மெல்லிய தகடுகளை மைக்ரோமீட்டரில் அளந்து, எந்தப் பக்கம் எவ்வளவு என்று சுவரில் கரியால் எழுதினார். அந்தக் கணக்கு நல்ல தொடக்கப்புள்ளி மட்டுமே, புதிய கூட்டின் அளவு சற்று மாறும். ஒவ்வொரு முறையும் புதிய பேரிங்கை இறக்கிப் புல்லர் போட்டு எடுத்தால் அது கெட்டுவிடும் என்பதால், பழைய பேரிங் இரண்டின் உள்விட்டத்தை லேத்துக்காரர் எமரியால் தேய்த்து, கையால் போட்டுக் கையால் எடுக்கும் அளவுக்குத் தளர்த்திக் கொடுத்தார். அதை வைத்து நான்கு முறை ஏற்றி இறக்கினோம். ஷிம் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினால் கிரௌன் வீல் பினியனை நெருங்கும் அல்லது விலகும். டயல் கேஜில் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையே உள்ள தளர்வு, 0.15 மில்லிமீட்டருக்கு வந்ததும் பற்களில் நீலம் தடவிச் சுற்றினோம், பதிவு பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழுந்தது. அண்ணா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புதிய பேரிங்குகளைப் போட்டோம்.

காற்று உள்ளே போகும் வழிதான் இந்த லாக்கரில் நுட்பமான இடம். கூடு சுற்றுகிறது, குழாய் சுற்றாமல் நிற்க வேண்டும். அதற்காகப் பேரிங்கின் பக்கத்தில் ஒரு வளையம் உட்கார்ந்து, அதன் உள்ளே ஓ ரிங்குகள் என்ற இரண்டு ரப்பர் வளையங்கள் சுற்றும் கழுத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வளையத்திலிருந்து மெல்லிய செம்புக் குழாய் வளைந்து, கிரௌன் வீலைத் தொடாமல், ஹவுசிங் சுவரில் நாம் போடும் ஓட்டை வழியாக வெளியேறும். ஓட்டையை எண்ணெய் மட்டத்துக்கு மேலே வைத்தோம். டிரில்லின் முனையிலும் மரை வெட்டும் டேப்பிலும் கெட்டி கிரீஸைப் பூசிக்கொண்டதால் துருவல் அதிலேயே ஒட்டி வந்தது. அதன் பிறகும் காந்தத்தைத் துணியில் சுற்றி உள்ளே மூன்று முறை துழாவினேன். கம்ப்ரசரை இருக்கைக்குக் கீழே, ஓடைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்தோம். சுவிட்சை மூடியுள்ள வகையாக வாங்கினேன், முழங்கை பட்டுத் தானாக விழுந்துவிடக் கூடாது என்று. எண்ணெய் சாதாரண 90 கியர் ஆயில், ஒன்றேகால் லிட்டர் பிடித்தது.

இரண்டாம் நாள் மாலை, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்து, சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஒரு சிறு டக். பூட்டாதபோது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும்; இப்போது இரண்டும் ஒரே பக்கம் நகரப் பார்த்தன. பட்டறைப் பையன் கை தட்டினான். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை கம்ப்ரசர் தானாக உறுமி நின்றது. எங்கோ காற்று போகிறது. வெளியே உள்ள இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினோம், ஒரு குமிழி இல்லை. அப்போது அண்ணா எண்ணெய் ஊற்றும் திருகைக் கழற்றிக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே, சோறு கொதிப்பதுபோல், கொளகொளவென்று சத்தம். சுவிட்சை அணைத்ததும், காற்றை வெளியேற்றும் மின்வால்வான சோலினாய்டின் வாயிலிருந்து கியர் ஆயில் ஒரு துளி என் சட்டையில் தெறித்தது.

மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினோம். வளையத்தை உருவிப் பார்த்தால், ஓ ரிங் ஒன்றில் பிறை வடிவில் ஒரு கீறல். அந்த வளையத்தை மாட்டியது நான்தான். எண்ணெய் தடவாமல், அவசரத்தில், சற்றுக் கோணலாக அழுத்தியிருக்கிறேன். கழுத்தின் கூரிய விளிம்பு ரப்பரைச் சீவிவிட்டது. பெட்டியில் உபரி ஓ ரிங் இருந்ததால் தப்பித்தேன். இந்த முறை அண்ணா விரல்நுனியில் கியர் ஆயிலைத் தொட்டு ரிங்குகளைத் தடவி, வளையத்தை இட வலமாகத் திருகித் திருகி உட்காரவைத்தார். பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பும்வரை கம்ப்ரசர் வாய் திறக்கவில்லை.

அந்த வடிகாலில் சோதிக்க மழை வேண்டியிருந்தது. சித்திரையில் காப்பிப் பூவுக்கு உதவும் மழை ஒன்று நன்றாகப் பெய்த மறுநாள் காலை, பழ மூட்டைக்குப் பதிலாக உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனேன். குழிக்கு ஒரு வண்டி நீளத்துக்கு முன் நின்று, லோ ரேஞ்ச், முதல் கியர், லாக். ஆக்சிலேட்டரை ஏறத்தாழத் தொடவே இல்லை. இடது முன்சக்கரம் இறங்கித் தொங்கிச் சுழன்றது, வலது பின்சக்கரம் லேசாகியது, இடது பின்சக்கரம் மட்டும் தரையைக் கடித்துக்கொண்டு வண்டியை நடக்கிற வேகத்தில் மேலே தள்ளியது. மேலே வந்து சுவிட்சை அணைத்தேன். இவ்வளவுதானா என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து, மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில், சரிவுக்குக் குறுக்காகப் போகும் பாதையில் பூட்டிக்கொண்டே ஓட்டியபோது வேறொன்று தெரிந்தது. ஈரமான சருகின் மேல் இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் சற்று வழுக்கின. உடனே வண்டியின் பின்பகுதி சரிவின் கீழ்ப்பக்கம், மிளகுக்கொடி ஏறிய மரங்களை நோக்கி, ஓசையில்லாமல் நழுவத் தொடங்கியது. திறந்த டிஃப்ரன்ஷியலாக இருந்தால் ஒரு சக்கரம்தான் சுழலும், மற்றது சுழலாமல் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். பூட்டியபோது பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. சுவிட்சை அணைத்ததும் நழுவல் நின்றது. அன்றிலிருந்து அந்தப் பாதையில் லாக்கைப் போடுவதில்லை.

தார்ச்சாலையில் அது இருப்பதே தெரிவதில்லை. இருபது வளைவும் முன்பு போலவே திரும்புகின்றன. நோட்டின் கடைசிப் பக்கத்தில், வயிறு தட்டிய அந்த இரண்டு வரிகளுக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கார்த்திகைக்குள் அந்தப் பள்ளத்தைக் கல் போட்டு நிரவ ஆள் சொல்லியிருக்கிறேன்.